ஸ்லோ குக்கரில் சொதி வைத்த அன்று

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டிருக்கிறேனே தவிர, உட்கார்ந்து எழுதியதில்லை. மறதியும் சேர்ந்துகொண்டது. ஒன்றைச் சொல்லத் தொடங்கி வேறொன்றில் போய் நிற்பேன்.

அம்பாசமுத்திரத்தில் நம் பெண்கள் சேர்ந்து நடத்தும் இந்தப் பத்திரிகைக்கு ஸ்லோ குக்கரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். திருநெல்வேலிக் கடைகளிலும் அது வந்துவிட்டதாம். வாங்கலாமா, எது வாங்கலாம், நம் சமையல் அதில் வேகுமா என்று கேட்கிறார்களாம். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்று ஒத்துக்கொண்டேன்.

இந்த மாதம் என் தங்கை சொர்ணத்துக்கு முதல் வருஷத் திதி. குக்கரைப் பற்றி எழுதினால் அவளும் வந்துவிடுவாள். தனியாகப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

1

நான் மெல்போர்னில் மகள் கோமதியின் வீட்டில் இருக்கிறேன். அவளுக்கும் வேலை, மாப்பிள்ளைக்கும் வேலை. பேத்தி ஆதிரா பெரிய வகுப்பில் படிக்கிறாள். சமைப்பதற்காக என்னை வரவழைத்தார்கள் என்று யாரும் சொன்னதில்லை. வந்த மறுநாள் அடுப்படியைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

இரண்டு தடவை கேஸ் அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன். இரண்டாவது தடவை புகை மணி கத்தி, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வந்து கதவைத் தட்டினார். அன்றைக்குக் கோமதி சொன்னாள்:

"எம்மா, நீ சாவதுன்னா சாவு. எங்க வீட்டை எதுக்குக் கொளுத்துதே?"

மகள் கோபத்தில் சொல்வதுதான். ஆனால் மறுநாளிலிருந்து அவர்கள் வேலைக்குப் போகும்போது அடுப்பின் கேஸை மூடிவிட்டுப் போனார்கள். அப்புறம் சமையல் யார் செய்வது? அதற்குத்தான் ஸ்லோ குக்கர். தீ இல்லை, மறந்தாலும் வீடு எரியாது.

கடைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். விற்கிற இளைஞன் என்னைப் பார்த்து ஏதோ கேட்டான். நான் "யெஸ்" என்றேன். கோமதியும் ஆதிராவும் சிரித்தார்கள்.

"ஒனக்குக் காது கேக்காதான்னு கேட்டான். நீ யெஸ்ஸுங்கே" என்றாள் கோமதி.

அதற்குப் பிறகு அந்தப் பையன் என்னிடம் கையால் பேசினான். கூச்சத்தில் நானும் கையாலேயே பதில் சொன்னேன்.

சரி, வாங்குகிறவர்களுக்குச் சொல்லுகிறேன். மூன்று நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நடுத்தர அளவு போதும். பெரியதை வாங்கி அடியில் கொஞ்சம் போட்டு வைத்தால் ஓரம் கருகும். பாதிக்கு மேல், கழுத்துக்குக் கீழ், அந்த அளவு நிரம்ப வேண்டும். உள்ளே இருக்கும் மண்சட்டி போன்ற கனத்த பாத்திரம் தனியாகக் கழன்று வருகிறதா என்று பாருங்கள். கழலாத சாதி வேண்டாம், கழுவ முடியாது. மூடி கண்ணாடியாக இருக்கட்டும். வெந்து முடிந்ததும் தானாகச் சூட்டைக் குறைத்துக்கொள்கிறதாக வாங்குங்கள். ஒரு வேலையாக வெளியே போய்த் தாமதமானால் அது காத்திருக்கும்.

2

முதல் நாள் அதில் பருப்பும் கத்தரிக்காயும் புளித்தண்ணீரும் ஒன்றாகப் போட்டுவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு விசிலுக்காக உட்கார்ந்திருந்தேன். குக்கர் என்றால் எனக்கு அதுதான் தெரியும். மத்தியானம் வரை ஒரு சத்தமும் இல்லை. கெட்டுப்போன சாமானைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து அணைத்துவிட்டேன். சாயங்காலம் வந்து திறந்து பார்த்த கோமதி எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினாள். கொட்டிவிட்டு, ஆதிராவுக்கு வெளியிலிருந்து பிட்சா வரவழைத்தாள். எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை.

கெட்டுக் கெட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பருப்பு வேகுமுன் புளி ஊற்றக்கூடாது, ஊற்றினால் ராத்திரி வரை கல்லாகவே கிடக்கும். முருங்கைக்காயைக் காலையில் போட்டால் சாயங்காலம் நார்தான் மிஞ்சும், கடைசியில் போடுங்கள். சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, அடுப்பில் தளதளவென்று நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே இதில் போட வேண்டும். அப்படியே போட்டால் வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். தண்ணீர் குறைவாக ஊற்றுங்கள். இது ஆவியை வெளியே விடாது, ஊற்றினது அப்படியே நிற்கும். தாளிப்பைத் தனியாகச் செய்து மேலே கொட்ட வேண்டும். சூடாக இருக்கும் சட்டியில் பச்சைத் தண்ணீர் விட்டால் விரிசல் விடும். சோறு வைக்க வேண்டாம், களியாகிவிடும். உளுந்தங்களியே கிண்டலாமா என்று கேட்பீர்கள். அதற்குக் கிண்டுகிற கை வேண்டும், இது கிண்டாது.

முக்கியமாக, மூடியைத் திறந்து திறந்து பார்க்கக்கூடாது. ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்பி வர வெகுநேரமாகும்.

3

சொர்ணம் எனக்கு மூன்று வயது இளையவள். அம்பாசமுத்திரத்தில் மகன் கணேசனோடு இருந்தாள். எங்கள் பிறந்த வீட்டில் மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். தினமும் அவள் காப்பி குடித்து முடிக்கும் நேரத்துக்குப் போன் செய்வாள். இங்கே அப்போது வெயில் நன்றாக ஏறியிருக்கும், வீட்டில் நான் மட்டும் இருப்பேன். போனை குக்கர்மேல் சாய்த்து வைத்துவிட்டுக் காய் நறுக்குவேன்.

"எக்கா, இன்னைக்கு என்ன?"

"பாசிப்பருப்பு. காலம்பறயே போட்டுட்டேன்."

"எப்பம் வேகும்?"

"சாயந்தரம்."

"ஏ எம்மா! எங்க மாமியா கூட என்னய அம்புட்டு நேரம் பட்டினி போட்டதில்ல."

"சிரிக்காதட்டி. இது அப்படித்தான்."

"விசிலும் கிடையாது, கொதியும் கிடையாது. பேசாம கொள்ளாம ஒரு மூலைல இருந்து வேகுதாக்கும். ஒன்னய மாதிரி."

அவளுக்கு வாய் அப்படி. பல் தேய்த்துக்கொண்டிருப்பவளையும் சிரிக்க வைத்துவிடுவாள். அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோதும் அதே வாய்தான். பாளையங்கோட்டையில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போய் வேண்டியதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

"வேண்டியதக் குடுங்கன்னுட்டாரு எக்கா. நான் வெங்காய பஜ்ஜி கேட்டேன். இந்தப் பய கஞ்சியக் கொண்டாந்து நீட்டுதான்."

நான் ஊருக்குப் போக வேண்டும் என்று கோமதியிடம் கேட்டேன். என் விசா அப்போது நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு விசா முடிந்து அடுத்தது கிடைப்பதற்குள் ஒரு இடைக்கால விசா கொடுக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு இங்கே இருக்கலாம். வெளியே போனால் அது போய்விடும், திரும்பி வர முடியாது. போய்வர வேண்டுமானால் தனியாக எழுதி அனுமதி வாங்க வேண்டும்.

"வாங்கித் தாயேன்ட்டி."

"அதுக்கு நான் லீவு போட்டு உக்காந்து எழுதணும். நீ போயிட்டா ஆதிரா வீட்டுக்கு வரும்போது யாரு இருக்கா? சித்திக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னா சொல்லிருக்காவ? பாப்போம்."

பாப்போம், பாப்போம் என்று அந்தக் குளிர்காலம் வந்துவிட்டது. சொர்ணத்திடம் விஷயத்தைச் சொன்னேன்.

"சரி, வரவேண்டாம். ஆனா நான் போனா என் மூஞ்சிய நீ பாக்கணும். போன்லயே பாத்துக்கோ. பாத்துட்டுத் தலைக்கு ஊத்து. நீ பாக்காம என்னயத் தூக்கிட்டுப் போனானுவன்னா, பேயா வந்து ஒஞ் சட்டிய ஒடைப்பேன்."

அன்று சாயங்காலமே கோமதியிடம் சொன்னேன். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் வாய் திறந்து கேட்ட ஒரே விஷயம் அது.

"சொர்ணத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒனக்குத்தான் மொதல்ல சொல்லுவான் கணேசன். கேட்ட ஒடனே என்ட்ட சொல்லிரு. எடுக்கதுக்கு முன்னால நான் மொகம் பாக்கணும்."

"சொல்லுதேம்மா. சொல்லாம என்ன செய்யப் போறேன்?"

4

மாப்பிள்ளையின் மேலதிகாரியும் அவர் மனைவியும் ஒரு சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய ஒரு பெரிய பதவி அவர் கையில் இருந்தது. கோமதி சொதி வைக்கச் சொன்னாள். நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற குழம்பு. காரம் கம்மி, தேங்காய்ப்பால் வாசனை, வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்கும் என்றாள்.

காலையில் பாசிப்பருப்பை வறுத்து, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், சின்ன வெங்காயம், கீறின பச்சைமிளகாய், இஞ்சி எல்லாவற்றையும் அளவுத் தண்ணீரோடு குக்கரில் போட்டு மூடினேன். தேங்காய்ப்பால் அப்போதே ஊற்றக்கூடாது, திரிந்துவிடும். இரண்டாம் பால் கடைசி ஒரு மணி நேரத்தில். முதல் பால் அணைத்த பிறகு. எலுமிச்சம்பழம் அதற்கும் பிறகு.

மூடி வைத்துக் கொஞ்ச நேரம் இருக்கும். கோமதியின் போன் அடித்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் முதுகு தெரிந்தது. திரும்பி வந்ததும் என் போனைக் கையில் எடுத்தாள்.

"இதுல என்னமோ அப்டேட் பண்ணணும்மா. இன்னைக்கு என்ட்ட இருக்கட்டும்."

"சொர்ணம் கூப்பிடுத நேரமாச்சே."

"ஒடம்பு சரியில்லாதவளை ஒரு நாள் தூங்க விடேன்."

அதுவும் நியாயம் என்று பட்டது.

அன்று முழுக்கக் கோமதி என்னிடம் பிரியமாக இருந்தாள். அதை எழுதாமல் விட முடியாது. எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள். தன் பீரோவிலிருந்து அரக்கு நிறப் பட்டுச்சேலையை எடுத்துத் தந்து, மடிப்பையும் அவளே எடுத்துவிட்டாள். இந்த ஊருக்கு வந்த பிறகு அவள் கை என் மேல் அவ்வளவு நேரம் பட்டது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாப்பிள்ளை மட்டும் நான் இருந்த பக்கம் வரவே இல்லை. பதவிக் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவை, "சொர்ணம் முழிச்சிருப்பாளோ?" என்று கேட்டேன்.

"மூடியத் தெறந்து பாத்தியாம்மா? வெந்திருக்கா?" என்றாள் அவள்.

"தெறக்கக்கூடாதுட்டி."

"ஆமா. தெறக்காத."

விருந்தாளிகள் வாசலில் ஷூவைக் கழற்றும் சத்தம் கேட்டதும் குக்கரை அணைத்து முதல் பாலை ஊற்றினேன். எலுமிச்சம்பழம் பிழிந்தேன். இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் பக்கத்தில் வைத்தேன். அந்தப் பெரியவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அவர் மனைவி எழுந்து வந்து என் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். கூச்சத்தில் நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, அடுப்படியில் நின்றபடி நானும் ஒரு தட்டில் போட்டுச் சாப்பிட்டேன். பசி. நன்றாகவும் இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன்.

"அத்தை, ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார் மாப்பிள்ளை. தட்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

5

மறுநாள் காலையில் சட்டியை ஊறவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கோமதி பின்னால் வந்து நின்றாள்.

"எம்மா, சித்தி போயிட்டா."

"எங்க? பாளையங்கோட்டைக்கா?"

அவள் என் கையிலிருந்த சட்டியை வாங்கி வைத்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. கையில் சோப்பு நுரை. துடைக்கத் துணி தேடினேன், கிடைக்கவில்லை. சேலையில் துடைத்துக்கொண்டேன்.

"போனைக் கொண்டா. எடுக்கதுக்குள்ள மொகம் பாக்கணும்."

"எடுத்தாச்சும்மா. நேத்தைக்கே."

"நேத்தைக்கு எப்போ?"

"அவங்களுக்கு விடியுததுக்கு முன்னாடி உசுரு போயிருக்கு. கணேசன் ஒடனே போன் பண்ணிட்டான்."

தோட்டத்துப் பக்கம் போய்ப் பேசினது அதுதான்.

நம் வழக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாவுத் துட்டி கேட்டால் கூடப்பிறந்தவள் எந்த ஊரில் இருந்தாலும் அடுப்பை அணைக்க வேண்டும். வெந்ததை, வேகாததைக் கொட்ட வேண்டும். வீட்டைவிட்டு எடுக்கிறவரை வாயில் ஒரு பருக்கை படக்கூடாது. எடுத்த பிறகும் தலை முழுகிவிட்டுத்தான் சாப்பாடு. கோமதிக்கும் இது தெரியும். அவள் அப்பா இறந்தபோது அவளே தண்ணீர் ஊற்றி அடுப்பை அணைத்தவள்.

"அடுப்பு எரிஞ்சுதேட்டி" என்றேன்.

"எங்க எரிஞ்சுது? அதுல தீ இருக்கா? அது அடுப்பே இல்லம்மா, கரண்டு. யோசிச்சுத்தான் விட்டேன்."

"யோசிச்சியா?"

"பின்ன? கேஸ்ல வச்சிருந்தா நானே அணைச்சிருப்பேன்."

அவள் அதை நம்பிச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டு நிற்க வைத்ததுபோல் நின்றேன்.

"என்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா."

"சொன்னா நீ என்ன செஞ்சிருப்பே? சட்டியத் தூக்கிக் கொட்டிருப்பே."

"கொட்டிருப்பேன்."

"அதான் சொல்லல. அழுது மூஞ்சியும் வீங்கிரும். அவங்க வந்து என்னன்னு கேப்பாங்க. ஒரு நாள்மா. அவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு ஒனக்குத் தெரியுமா? சித்திக்குத் தெரியவா போவுது?"

"அங்க என்ன சொன்னே?"

"வீடியோல மொகம் காட்டட்டுமான்னு கணேசன் ரெண்டு மூணு தடவை கேட்டான். ஒனக்குக் குளிர்காய்ச்சல், எந்திரிக்க முடியலன்னு சொன்னேன்."

"பொறந்த வீட்டுக் கோடிச் சேலை?"

"அவங்களே எடுத்துப் போட்டிருப்பாங்கம்மா. இதையெல்லாம் போட்டு ஏன் இழுக்கே?"

குளியலறைக்குப் போய்ச் சேலையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டேன். கேட்ட நேரத்தில் குளிக்க வேண்டும் என்பார்கள், அதனால் குளித்தேன். ஆதிரா கதவைத் தட்டி, எவ்வளவு நேரம் என்று இங்கிலீஷில் சத்தம் போட்டாள். ஈரத்தோடு வெளியே வந்தபோது கோமதி என் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அதில் ஒரு படம் இருந்தது. நெற்றியில் காசு, கழுத்து மறையப் பூமாலை, தாடையைச் சேர்த்துக் கட்டின துணி. சொர்ணத்தின் வாயை யாரும் கட்டி நான் பார்த்ததில்லை. படத்தில் அவள் முகம் என் சுண்டுவிரல் நகத்தளவு இருந்தது. பெரிதாக்கத் தெரியாமல் எதையோ அழுத்தினேன், போய்விட்டது. மறுபடி எடுத்துத்தா என்று கேட்கவில்லை.

அன்று மத்தியானம் கோமதி அடுத்த வாரத்துக்கான ஆட்டுக்கறியை வாங்கி வந்து வைத்தாள். சாயங்காலம் வந்து, நேற்று வந்த அம்மாள் சொதி செய்முறை கேட்டு அனுப்பியிருக்கிறாள் என்றாள். சொன்னேன். எந்தப் பாலை எப்போது ஊற்றுவது என்று ஒழுங்காகச் சொன்னேன். அவள் இங்கிலீஷில் தட்டிக்கொண்டாள். மாப்பிள்ளைக்குப் பதவி கிடைத்தது. எனக்கு விசாவும் கிடைத்தது. இப்போது நான் ஊருக்குப் போகலாம், வரலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

6

குக்கர் இப்போதும் ஓடுகிறது. வாங்குங்கள், நல்ல சாமான்தான். கரண்டு அதிகம் இழுக்காது. ஆனால் வீட்டில் அதை வைப்பவர்கள் இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். துட்டி வந்தால் அதையும் அணைக்க வேண்டும். அது அடுப்புதான். சோறு வேகுகிற எதுவும் அடுப்புதான். இதைப் பெரியவர்கள் யாராவது நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டால் நல்லது. நான் சொன்னால் என் வீட்டில் எடுபடவில்லை.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கணேசன், அம்மாவைச் சாயங்காலம் வெயில் தாழத்தான் எடுத்தோம் என்கிறான். அவன் வீட்டுக்கு எதிர் வீட்டுப் பார்வதி மயினி, மழை இருட்டிக்கொண்டு வந்தது, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்கிறாள். இரண்டு பேரும் அடித்துச் சொல்லுகிறார்கள். கோமதியிடம் கேட்டால், "ஏதோ ஒண்ணு" என்கிறாள்.

நான் இங்கே ராத்திரி சாப்பிட்டபோது ஊரில் மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். மயினி சொல்வது சரியென்றால், நான் சாப்பிட்டது எடுத்த பிறகு. குளிக்காமல் சாப்பிட்டேன் என்ற ஒன்றுதான் என் தலையில். கணேசன் சொல்வது சரியென்றால், நான் பட்டுச்சேலை கட்டி நின்று இரண்டாவது தடவை சொதி ஊற்றிக்கொண்டபோது, சொர்ணம் கூடத்தில்தான் கிடந்திருக்கிறாள். முகத்தை மூடியிருக்க மாட்டார்கள். யாராவது ஒரு போனை நீட்டியிருந்தால் பார்த்திருப்பேன்.

அன்று அந்தத் தெருவில் இருந்தவர்கள், கூடப் போனவர்கள், யாராவது விசாரித்துச் சரியாகச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எடுத்தார்கள்? மழை பெய்ததா? பதிலைப் பத்திரிகையிலேயே போட்டுவிடுங்கள், எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்வேன். போனில் சொல்ல வேண்டாம்.